முதலில் கொஞ்சம் இறுக்கு

தூத்துக்குடிக்காரனுக்குத் துருவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற நினைப்போடுதான் சிங்கப்பூரில் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் ஊரில் உப்பளத்துக் காற்று ஜன்னல் கம்பியையே அரித்துத் தின்றுவிடும், சைக்கிள் செயின் ஒரு மழைக்காலத்தில் சிவந்துவிடும். ஐடிஐயில் பிட்டர் முடித்து, லாரிப் பட்டறையில் மூன்று வருஷம் கைவேலை பார்த்தவன் நான். பழைய குளிர்பான வெண்டிங் மெஷின்களைக் கழற்றி, தேறுகிற பாகத்தை எடுத்துவிட்டு மிச்சத்தை இரும்புக்கு அனுப்ப வேண்டும், இதுதான் வேலை என்றார்கள். இதில் என்ன பெரிசாக இருக்கப்போகிறது என்று தோன்றியது. முதல் மாதத்திலேயே மூன்று போல்ட்டை ஒடித்தேன்.

அரசு கட்டிய வீவக அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்திலும் பேருந்து நிலையங்களிலும் நிற்கும் மெஷின்கள் ஓரளவு பரவாயில்லை. சாங்கி, பாசிர் ரிஸ் பக்கம் கடற்கரையில் நின்றுவிட்டு வருகிறவைதான் வில்லங்கம். காற்றில் உப்பு ஒருபுறம், வருஷம் முழுக்கச் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இன்னொருபுறம். ஆனாலும் கதவில் இருக்கும் போல்ட்டைவிடக் காலில் இருக்கும் போல்ட்தான் எப்போதும் மோசமாக இருக்கும். காரணம் கடல் இல்லை, மாப்பு. தினமும் தரையைத் துடைக்கிறவர் மெஷினின் அடியிலும் ஈர மாப்பை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போவார், அந்தச் சோப்புத் தண்ணீர் நான்கு காலிலும் தேங்கிக் காயும், மறுநாளும் அதே கதை. பத்து வருஷம் இப்படி நடந்தால் போல்ட்டும் நட்டும் வாஷரும் ஒரே கட்டியாகி, எது எங்கே முடிகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

உள்ளே இன்னொரு எதிரி, கேனிலிருந்து ஒழுகிய கோலா. வேலைக்கு வந்த புதிதில், துருவுக்குக் கோலாவை ஊற்று, கழன்றுவிடும் என்று ரூமில் இருந்த எல்லோரும் யோசனை சொன்னார்கள். பொய்யில்லை, அதில் பாஸ்பாரிக் அமிலம் கொஞ்சம் இருக்கிறது, மேலோட்டமான துருவைக் கரைக்கும். ஆனால் மெஷினுக்குள் வெடித்த கேனிலிருந்து வழிந்த கோலா செய்வது நேர் எதிர். சர்க்கரைப் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு, ஈரத்தைப் பிடித்துவைத்து, இரும்பை நாள்கணக்கில் ஊறவைக்கிறது. கூடவே கரப்பான் பூச்சி. கீழ்த் தகட்டைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அங்கே நான் கற்ற முதல் பாடம்.

எனக்கு மேலே இருந்த அண்ணன் மலேசியத் தமிழர், விடியற்காலையில் ஜோகூரிலிருந்து பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வருவார். அதிகம் பேச மாட்டார். நான் ஸ்பேனரை மாட்டி முழு பலத்தோடு இடப்பக்கம் தள்ளியதைப் பார்த்துவிட்டு, "தம்பி, அவசரப்படாதே லா. முதல்ல கொஞ்சம் இறுக்கு" என்றார். கழற்ற வேண்டிய போல்ட்டை இறுக்கச் சொல்கிறாரே, ஆளுக்கு மரை கழன்றுவிட்டதோ என்றுதான் நினைத்தேன். விஷயம் வேறு. இரும்பு துருவானால் வீங்கும், முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும், மரைக்கும் மரைக்கும் நடுவில் இருக்கும் அந்த மயிரிழை இடைவெளியில் போய் ஆப்பு வைத்த மாதிரி உட்கார்ந்துவிடும். எந்தப் பக்கம் திருப்பினாலும் சரி, முதலில் அந்தக் கட்டு உடைய வேண்டும். ஒரு நூல் இறுக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். சில சமயம் காதுக்குக் கேட்காது, கைக்கு மட்டும் தெரியும். அது வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் கால் சுற்று கழற்றி, திரும்பக் கொஞ்சம் இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கால் சுற்று. ஒரு போல்ட்டுக்கு இருபது நிமிஷம்கூட ஆகும். வேடிக்கை பார்க்கிறவனுக்கு நாம் சும்மா ஸ்பேனரை ஆட்டிக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும்.

ஸ்பேனர் பொருந்துவதும் ஒரு தனிக் கதை. எங்களிடம் வந்தவற்றில் ஜப்பான் மெஷின்களும் உண்டு, அமெரிக்க மெஷின்களும் உண்டு. அமெரிக்க மெஷினில் அரை அங்குலத் தலை, அதாவது 12.7 மில்லி. கைக்கு வருவது 13 மில்லி ஸ்பேனர். 0.3 மில்லிதானே என்று மாட்டி ஒரு இழுப்பு இழுத்தால், ஏற்கெனவே துரு தின்று மெலிந்த தலை மழுங்கி உருண்டைக் கூழாங்கல்லாகிவிடும். இதையே திருப்பிப் போட்டால் வைத்தியம்: 13 மில்லித் தலை மழுங்கிவிட்டால், அரை அங்குல ஆறுமுனைப் பாக்ஸ் ஸ்பேனரைச் சுத்தியலால் தட்டி ஏற்றினால் கவ்விக்கொள்ளும். பன்னிரண்டு முனை ஸ்பேனரை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. ஜப்பான் மெஷினில் ஸ்டார் ஸ்குரூ தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அது ஜேஐஎஸ் என்ற அவர்களுடைய தொழில் தர அளவு என்பதற்கு அடையாளம், பார்ப்பதற்கு நம் பிலிப்ஸ் போலத்தான் இருக்கும், ஆனால் பிலிப்ஸ் ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினால் துள்ளி வெளியே வந்து பள்ளத்தைச் சீவிவிடும். அந்தப் புள்ளி என் கண்ணில் பட எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் எத்தனை ஸ்குரூவைச் சீவினேன் என்ற கணக்கு வேண்டாம்.

பட்டறையில் எல்லாவற்றுக்கும் மருந்து நெருப்புதான். போல்ட் வரவில்லையா, கேஸ் கட்டரைக் கொளுத்து. இங்கே அந்தப் பேச்சே கூடாது. தகட்டுக்குப் பின்னால் பாலியூரிதேன் பஞ்சு அடைத்திருக்கும், தீப்பிடித்தால் சயனைடு கலந்த புகை. குளிர்பதன வாயுவும் பக்கத்திலேயே ஓடும், புது மெஷின்களில் அது புரொப்பேன், வீட்டு சிலிண்டர் கேஸுக்குச் சொந்தக்காரன். ஆகவே கம்பி பிரஷால் துருவைச் சுரண்டு, எண்ணெய் விடு, ராத்திரி ஊறட்டும், காலையில் வா. டபிள்யூடி-40 என்ற ஸ்பிரே எண்ணெய் மேல் எல்லோருக்கும் ஒரு பக்தி. அது 1953இல் துருவிலிருந்து ராக்கெட் தகட்டைக் காப்பாற்ற, தண்ணீரை விலக்குவதற்காகச் செய்த சரக்கு, மரைக்குள் ஊடுருவுவதில் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. அண்ணன் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிக்குச் சரி கலந்து ஒரு பாட்டிலில் வைத்திருப்பார். இரண்டும் ஒட்டாது, ஒவ்வொரு தடவையும் குலுக்கித்தான் விட வேண்டும்.

நான் ஒடித்த மூன்றில் மூன்றாவதுதான் பெரிய அவமானம். பின்கால் போல்ட், தலை தனியாக வந்துவிட்டது. சொல்லாமல் சமாளித்துவிடலாம் என்று நடுவில் துளை போட்டேன், துளை கோணலாகப் போயிற்று. ஒடிந்த போல்ட்டை உருவுகிற எக்ஸ்டிராக்டரைச் செருகித் திருகினேன், அதுவும் உள்ளேயே ஒடிந்தது. அது கடினப்படுத்திய எஃகு, டிரில் அதன் மேல் வழுக்கும், கடிக்காது. ஒரு சின்னத் தப்பை மறைக்கப்போய் இரண்டு பெரிய தப்பு. அண்ணன் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சென்டர் பஞ்ச் என்ற கூர்முனை உளியால் எக்ஸ்டிராக்டரைக் குத்திக் குத்திப் பொடியாக்கி எடுத்தார். குளிர்பதன யூனிட்டை முழுதாக வெளியே இழுத்துவைத்து, பஞ்சுப் பக்கம் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, தீயணைப்பானை என் கையில் கொடுத்து நிற்க வைத்தார். மிச்சமிருந்த போல்ட்டின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளைக்குள் நாலே வினாடி வெல்டிங். சிவப்பு அடங்கும்வரை விட்டு, ஸ்பேனரை மாட்டி, கழற்றுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தார். "கொஞ்சம் இறுக்கணும்ணே" என்றேன்.

வந்துவிட்டது. கீழ்த் தகடு இறங்கியதும் கருப்புப் பாகில் ஒட்டிக்கொண்டு சில்லறைக் காசுகள், கூடவே கரப்பான் முட்டை. சுரண்டி எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டோம். பாதிக்கு மேல் பழைய மஞ்சள் நிற 1 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். 2013இல் புதுக் காசு வருவதற்கு முந்தைய அச்சு, அப்படியென்றால் அந்தத் தகட்டை அதற்கப்புறம் யாரும் கழற்றவே இல்லை போல. ஆறு வெள்ளி சொச்சம் தேறியது. அண்ணன் ஒரு காசை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டவன் கேன் வரலைன்னு மெஷினை உதைச்சிருப்பான் பாரு" என்றார். எங்கள் இருவருக்கும் தே, அதாவது டீ, வாங்கி வரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார். கடைக்காரர் காசை வாங்கி மோந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.