மாணவர் வாக்கும் அடையாள அட்டை முகவரியும்

கோலாலம்பூரில் தனியார் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராக இருக்கும் எனக்கு, மாணவர்களை வாக்காளராக்குவது என்றால் முன்பெல்லாம் வாக்காளர் பதிவுப் பாரம் (படிவம்) நிரப்ப வைப்பது என்றே பொருள். 21 வயது நிறைந்தவர்களைத் தேடிப் பிடித்து அஞ்சல் நிலையத்துக்கோ தேர்தல் ஆணைய அலுவலகத்துக்கோ அனுப்பிவைத்தால் வேலை முடிந்துவிடும். 2019 ஜூலை 16 அன்று மலேசிய மக்களவையில் 211 உறுப்பினர்களின் ஆதரவோடு நிறைவேறிய அரசமைப்புத் திருத்தம் 2021 டிசம்பர் 15 அன்று நடப்புக்கு வந்ததும் அந்தப் பாரத்துக்கே தேவை இல்லாமல் போனது. 18 வயது நிறைந்த குடிமக்கள் தாமாகவே பட்டியலில் சேர்ந்தார்கள். 2018 பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022-இல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. இனி நமக்கு வேலை இல்லை என்றே சக ஆசிரியர்கள் பலரும் நினைத்தார்கள்.

வேலை வேறு வடிவில் வந்தது. தானியங்கிப் பதிவு, மாணவர் எங்கே வசிக்கிறார் என்று பார்ப்பதில்லை. அடையாள அட்டையில் எந்த முகவரி இருக்கிறதோ அந்தத் தொகுதியில் அவரைச் சேர்த்துவிடுகிறது. நம் பிள்ளைகள் பலர் 12 வயதில் அட்டை எடுத்தவர்கள். அதற்குப் பிறகு குடும்பம் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்திருக்கும், வாடகை வீடு மாறியிருக்கும், அட்டை மட்டும் மாறியிருக்காது.

2022 அக்டோபர் 10 அன்று நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதும், சிற்றுண்டிச் சாலையில் ஒரு மேசையைப் போட்டு, தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் மாணவர்களின் விவரங்களைச் சரிபார்க்கத் தொடங்கினோம். கிள்ளான் பக்கம் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் ஒரு மாணவிக்குக் கோலசிலாங்கூர் தொகுதி என்று திரையில் வந்தது. "மிஸ், அந்தத் தோட்டத்துல இப்ப வீடே இல்லை, லயத்தையெல்லாம் இடிச்சிட்டாங்க" என்றார். வீடு இருந்த இடத்தில் செம்பனைக் கன்றுகள் நிற்கின்றன, ஆனால் பட்டியலைப் பொறுத்தவரை அவர் அங்கேதான் குடியிருக்கிறார். அந்தத் தேர்தலுக்கு அதை மாற்ற வழியில்லை. அட்டையில் முகவரியை மாற்றினாலும், தொகுதி மாற்றத்துக்கு ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்; ஆணையம் அதைத் துணைப் பட்டியலில் பார்வைக்கு வைத்து, ஆட்சேபங்களைக் கேட்டு, அரசிதழில் வெளியிட்ட பிறகுதான் புதிய தொகுதி உறுதியாகும். கோலசிலாங்கூரிலேயே போய் வாக்களியுங்கள் என்பதைத் தவிர எங்களால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை.

வெளியூர் மாணவர்களின் பாடு இதைவிடக் கடினம். இலண்டனில் படிக்கும் மலேசியருக்கு அஞ்சல் வாக்கு உண்டு. கோலாலம்பூரில் படிக்கும் பேராக்கின் சுங்கை சிப்புட் மாணவருக்கும் சரவாக்கின் கூச்சிங் மாணவருக்கும் அது கிடையாது. இதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 24, வாக்களிப்பு நவம்பர் 19. தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய பிள்ளைகள் ஒரு மாதம் முடிவதற்குள் மறுபடியும் பேருந்துச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. பகுதிநேர வேலை பார்த்துப் படிப்பவர்களுக்கு அது சின்னச் செலவு அல்ல. ஒரே ஊர்க்காரர்களைச் சேர்த்து ஒரே காரில் அனுப்பும் ஏற்பாட்டை மாணவர்களே செய்துகொண்டார்கள். தைப்பிங், ஈப்போ, தெலுக் இந்தான் என்று ஊர்வாரியாகத் தாளில் எழுதி ஒட்டியதுதான் எங்கள் பங்கு.

அப்படியானால் முகவரியைக் கோலாலம்பூர் விடுதிக்கே மாற்றிவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். நான் அதை ஊக்குவிக்கவில்லை. கோலாலம்பூர் அடங்கிய கூட்டரசுப் பிரதேசத்தில் சட்டமன்றம் இல்லை. இங்கே மாறினால் மாநில வாக்கு போய்விடும். பேராக் மாணவர்களுக்கு அந்தத் தேர்தலில் நாடாளுமன்றம், சட்டமன்றம் என இரண்டு வாக்குச்சீட்டுகள் கிடைத்தன, தலைநகரவாசிகளுக்கு ஒன்றுதான். தவிர, விடுதி அறை படிப்பு முடியும்வரைதான். பெற்றோர் இப்போது வசிக்கும் வீட்டு முகவரிக்கு மாற்றுவதே நல்லது என்று சொல்லி வருகிறேன்.

வாக்களிப்பு நாளைப் பற்றி ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைத்தோம். வாக்குச்சாவடியில் சாலுரான்கள், அதாவது வாக்களிப்பு வரிசைகள், வயது வாரியாகப் பிரிக்கப்படும். மூத்தவர்களுக்கு முதல் எண், இளையவர்களுக்குக் கடைசி எண். புதிய வாக்காளர்கள் பெருகியதால் கடைசி சாலுரான்களில்தான் வரிசை நீண்டது. முதல் சாலுரானில் பாட்டி வாக்களித்து வீடு திரும்பிய பிறகும் பேரன் வெயிலில் நின்றுகொண்டிருந்ததாக ஒரு மாணவர் சொல்லிச் சிரித்தார். காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள் என்று சொன்னதை யார் கேட்டார்கள்?

எங்கள் மேசையில் மற்றவர்களின் விவரங்களைச் சலிக்காமல் தட்டச்சு செய்து கொடுத்த ஒரு மாணவர் சிவப்பு அடையாள அட்டைக்காரர், அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி. இந்த நாட்டிலேயே பிறந்தவர். குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருந்ததால் அவருக்கு வாக்கு இல்லை. தானியங்கிப் பதிவைப் பற்றி எவ்வளவு பெருமையாகப் பேசினாலும் அது குடிமக்களான நீல அட்டைக்காரர்களை மட்டுமே எட்டுகிறது. தோட்டப்புறக் குடும்பங்களில் இது அரிதான கதையும் அல்ல.

நடப்பு நாடாளுமன்றம் முதன்முறையாகக் கூடியது 2022 டிசம்பர் 19 அன்று. தவணை ஐந்தாண்டுதான் என்றாலும் அது முன்னதாகவே கலையலாம் என்பதால், கல்லூரியில் சேரும் வாரத்திலேயே அட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். 18 வயதில் எப்படியும் புதிய படத்துடன் அட்டையை மாற்ற வேண்டும், அதற்குத் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போகும்போதே முகவரியையும் மாற்றிவிட்டால் இன்னொரு தடவை அலைய வேண்டியதில்லை. புதிய அட்டை வந்துவிட்டது என்பதால் பட்டியலும் மாறிவிட்டது என்று ஆகாது, ஆணையத்திடமும் விண்ணப்பிக்க வேண்டும். அதனால் ஓரிரு மாதம் கழித்து ஆணையத்தின் தளத்தில் மறுபடியும் பார்த்து, திரையில் வரும் தொகுதியின் பெயரை எனக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.