எண் இல்லாத அலைனர்

நேற்றுக் காலை என் வீட்டுக்காரரின் பற்களெல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிப் போய்விட்டன. அவற்றை வரிசைப்படுத்துவதற்காக, அலைனர் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கவசங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பல்லில் மாட்டிக்கொண்டு வருகிறார். குளியலறைக் கதவைப் பாதி திறந்து, வாயில் விரலை வைத்துக்கொண்டே அவர்தான் இதை அறிவித்தார். "அலைனர் ஏறவே மாட்டேன் என்கிறது. இத்தனை மாதம் பட்ட பாடு எல்லாம் போயிற்று."

போனதற்குக் காரணமும் உடனே கண்டுபிடிக்கப்பட்டது. நான்தான். முந்தின நாள் மதியம் நான் மெதுவாகப் பரிமாறியதால் அலைனர் வாய்க்கு வெளியே இருந்த நேரம் கூடிவிட்டதாம். ஒரு நாளைக்கு 22 மணி நேரம் அது பல்லில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மிச்சமிருக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று வேளைச் சாப்பாடு, காப்பி, பல் துலக்கல் எல்லாம் முடிந்தாக வேண்டும். இதற்காகவே கைபேசியில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதை அழுத்திவிட்டுத்தான் முதல் கவளத்தைக் கையிலெடுப்பார். அதன் பிறகு அவர் சாப்பிடுவதைப் பார்த்தால், ரயில் ஊதிவிட்ட பிறகு பிளாட்பாரத்தில் நின்று விழுங்குகிற ஆளைப் போலவே இருக்கும். உப்பு குறைவு, காரம் அதிகம் என்ற பேச்சே இல்லை. அவருக்கு ருசி தெரியும் முன்பே சாப்பாடு உள்ளே போய்விடுகிறது.

இதிலும் ஒரு நன்மை உண்டு, மறைக்க மாட்டேன். எந்நேரமும் ஏதாவது ஒரு டப்பாவைத் திறந்து கொறித்துக்கொண்டிருந்த மனிதர், ஒரு வாய் கொறிக்க வேண்டுமானால் கழற்ற வேண்டும், பிறகு பல் துலக்க வேண்டும், அலைனரைக் கழுவ வேண்டும், மறுபடி மாட்ட வேண்டும் என்றானதும் முற்றும் துறந்தவராகிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லி நடக்காததை ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத பிளாஸ்டிக் நடத்திக் காட்டிவிட்டது.

"ராத்திரி முழுவதும் போட்டுக்கொண்டுதானே தூங்கினீர்கள்? பல் துலக்கும் நேரத்திலா பல் ஓடிப்போகும்?" என்று கேட்டேன்.

கேட்டிருக்கக் கூடாது. பல் எலும்பில் ஆணியடித்து வைத்ததல்ல, வேரைச் சுற்றி மெல்லிய நார்கள்தான் அதைப் பிடித்திருக்கின்றன, ஒரு பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கத்து எலும்பைச் சில செல்கள் கரைக்கும், மறுபக்கம் வேறு செல்கள் புது எலும்பு கட்டும், அது கெட்டிப்படுவதற்குள் பிடியை விட்டால் ஈறு நார்கள் பல்லைப் பழையபடி இழுத்துவிடும் என்று ஆரம்பித்துவிட்டார். எல்லாம் சரிதான். ஆனால் ஓர் அலைனர் பல்லை நகர்த்துவதே கால் மில்லிமீட்டர் அளவுதான், அதற்கே ஒன்றிரண்டு வாரம் ஆகிறது என்று சொன்னவரும் இவரேதான். அதை நினைவுபடுத்தினேன். பதில் வரவில்லை. அலைனர் சரியாகப் பதிவதற்காகக் கடிக்கக் கொடுத்திருக்கும் அந்தச் சிறிய ரப்பர் உருளையைக் கண்ணை மூடிக்கொண்டு கடித்துக்கொண்டிருந்தார்.

இவருடைய ஆராய்ச்சி இன்று தொடங்கியதல்ல. மகளுக்குக் கிளிப் போட்டபோதே தொடங்கிவிட்டது. 1728-லேயே பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சுக்காரர், வளைந்த உலோகப் பட்டையில் பற்களை நூலால் கட்டி இழுத்துச் சரிசெய்வதை எழுதிவைத்திருக்கிறார் என்று, கிளிப்பை முடுக்கிவிட்டு வந்து வலியில் சுருண்டு கிடந்த பெண்ணிடம் போய் வாசித்துக் காட்டினார். இன்னொரு நாள், அவள் பல்லில் ஓடுகிற கம்பி நிக்கலும் டைட்டானியமும் கலந்தது, எவ்வளவு வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும், அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தது என்றார். கன்னத்தின் உட்புறம் கிழிந்து, கம்பி முனையில் மெழுகை உருட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள், "அதனால்தான் குத்துகிறதா அப்பா?" என்றாள். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் மாட்டியிருந்த ரப்பர் அவள் கொட்டாவி விட்டபோது தெறித்து மாமாவின் மூக்குக் கண்ணாடியில் பட்டதும் அந்தக் காலத்தில்தான்.

கிளிப்பைக் கழற்றிய அன்று எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். டாக்டர் அலைனரைப் போலவே கண்ணாடியாகத் தெரிகிற ஒரு பிளாஸ்டிக் கவசத்தைக் கையில் கொடுத்து, இதன் பெயர் ரிடெய்னர், இரவில் போட வேண்டும் என்றார். எவ்வளவு காலத்துக்கு? "பல் நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கிற வரைக்கும்." இதை முதல் நாளே சொன்னார்களாம். சொல்லியிருக்கலாம், கையெழுத்துப் போடும் பாரத்தின் கடைசிப் பக்கத்தில்.

ஆக, நேற்றைய நிலவரம் இது. அலைனர் ஏறவில்லை. அலுவலகக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. இவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பிளாஸ்டிக்தானே, கொஞ்சம் இளக்கினால் ஏறிவிடும் என்று கொதிக்கிற வெந்நீரை எடுத்து அதன்மேல் ஊற்றிவிட்டார்.

சத்தம் கேட்டு வந்த மாமா, சுருண்டு கிடந்ததைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகனுடைய அலைனர் உறைகளை வாரவாரியாக அடுக்கிவைக்கும் பொறுப்பை யாரும் கேட்காமலேயே ஏற்றுக்கொண்டிருப்பவர் அவர்.

"இதில் எண் எங்கே?" என்றார்.

இவருடைய ஒவ்வோர் அலைனரிலும் எத்தனையாவது என்ற எண் பொறித்திருக்கும். இதில் இல்லை. இவருடைய பற்களில் அலைனர் பிடித்துக்கொள்வதற்காகப் பல் நிறத்தில் சிறு சிறு மேடுகளை ஒட்டியிருக்கிறார்கள். அவற்றுக்கு உண்டான பள்ளங்களும் இதில் இல்லை. ஏறாததற்கு நான் பரிமாறியது காரணமில்லை என்று அந்த இடத்திலேயே நிரூபணமாயிற்று. ஆனால் அதைக் கொண்டாட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் மகள் தன் டப்பாவைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். இருவரும் போவது ஒரே டாக்டரிடம். இருவருக்கும் கொடுத்தது ஒரே நீல நிற டப்பா.

"என்னுடையதையா வாயில் போட்டீர்கள்?" என்று முதலில் அருவருப்பில் கத்தினாள். அது உருகிப்போனது பிறகுதான் கண்ணில் பட்டது. இரண்டாவது கத்தலை எழுத்தில் கொண்டுவர முடியாது. மாமா தன் பல்செட்டைக் கிண்ணத்திலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, "இந்த வீட்டிலேயே வரிசையான பல் என்னுடையதுதான். அதற்கு யாரும் கம்பி கட்டவில்லை" என்று சொல்லிவிட்டு அங்கிருந்து நழுவினார்.

மாலையில் மகளை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். புது ரிடெய்னருக்காக வாய்க்குள் ஒரு கருவியை விட்டு அளவெடுத்தார்கள். வெந்நீர் கூடவே கூடாது என்று டாக்டர் என்னிடம் அழுத்தமாகச் சொன்னார், ஊற்றியவள் நான்தான் என்பதுபோல. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேனோ இல்லையோ, அவர் பார்வை என் தெத்துப்பல்லில் விழுந்தது. அதே பல்தான் மகளுக்கும் என்னிடமிருந்து போயிருந்தது. "இதைச் சுலபமாகச் சரிசெய்துவிடலாமே, உங்கள் வயதில் நிறையப் பேர் போட்டுக்கொள்கிறார்கள்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "அம்மாவுக்கு வேண்டாம் டாக்டர். அப்படியே இருக்கட்டும்."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. தன் பழைய பல்லை என் வாயிலாவது பார்த்துக்கொள்ள நினைக்கிறாள் போலிருக்கிறது என்று எங்கெங்கோ போய்விட்டேன். படியிறங்கும்போது ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "அலமாரியில் இன்னொரு டப்பாவுக்கு இடம் எங்கே அம்மா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து அவளே எல்லா டப்பாவிலும் கொட்டை எழுத்தில் பெயர் எழுதி ஒட்டினாள். மாமாவும் ஒரு துண்டுக் காகிதம் கேட்டு வாங்கித் தன் பல்செட்டுக் கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டார். "இதை யார் எடுத்து மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் மாமா?" என்றேன்.

"இவனை நம்ப முடியாதும்மா" என்றார்.