"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு பார்க்கும் தொற்றா நோய்ப் பிரிவில் செவிலியராக இருப்பவர் காதில், நோயாளி உள்ளே டாக்டரிடம் சொல்வதும் விழும். வெளியே வந்து மாத்திரைச் சீட்டை நீட்டிக்கொண்டே சொல்வதும் விழும். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக இருக்காது.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால், "போடுறேன் சார்" என்பதுதான் பதில். வேறென்ன சொல்வார்கள்? போன மாதம் உண்மையைச் சொன்னவர் வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பார்த்தவர்கள்தானே.

சர்க்கரை 300-ஐத் தாண்டியிருக்கும். மாத்திரை போட்டும் குறையவில்லை என்று நம்பி, டாக்டர் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையின் அளவை ஏற்றி எழுதுவார். என்றைக்காவது பயந்துபோய் எழுதியபடி முழுசாகப் போட்டுவிட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். எனக்கு அந்தப் பயம்தான் அதிகம்.

எங்களிடம் வந்த ஒரு டாக்டரம்மா அந்தக் கேள்வியையே கேட்க மாட்டார். "காலையில எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க? முதல் சாப்பாடு எப்போ?" என்றுதான் ஆரம்பிப்பார். நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அக்கா அதற்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்: "ஏழு மணிக்கே கிளம்பணும்மா. மாத்திரையப் போட்டுட்டுப் போனா கைகால் வெடவெடங்குது. சாப்பாடு பதினோரு மணிக்குத்தான். அதான் வேலை நாள்ல போடுறதில்ல."

"உங்க மேல தப்பில்ல. சாப்பிடாம இருந்தா அப்படித்தான் இருக்கும். தூக்குச்சட்டியோட மாத்திரையையும் எடுத்துட்டுப் போங்க. சாப்பிட உட்காரும்போது போடுங்க" என்றார் டாக்டரம்மா. அடுத்த மாதம் அக்காவின் மஞ்சப்பையில் மிச்ச அட்டை எதுவும் இல்லை.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 29 டாக்டர்களையும் அவர்களிடம் வந்த 891 சர்க்கரை நோயாளிகளையும் வைத்து ஓர் ஆய்வு செய்து, 2011-இல் வெளியிட்டார்கள். பரிவில் அதிக மதிப்பெண் வாங்கிய டாக்டர்களின் நோயாளிகளில் 56 சதவீதம் பேருக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7 சதவீதத்துக்குக் கீழே, அதாவது கட்டுக்குள் இருந்தது. மதிப்பெண் குறைந்தவர்களிடம் அது 40 சதவீதம்தான். நம்மூர் ஓ.பி. கூட்டத்துக்கு இதெல்லாம் ஒத்துவருமா என்பார்கள். சரி, திட்டுவதற்கு மட்டும் நேரம் ஆகாதா என்ன?

டாக்டரம்மாவின் இன்னொரு வழக்கம், இன்சுலின் போடுபவர்களின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது. யூனிட்டை ஏற்றிக்கொண்டே போயும் சர்க்கரை கட்டுக்குள் வராத ஒரு பெரியவருக்குத் தொப்புள் பக்கத்தில் எலுமிச்சை அளவு தடிப்பு இருந்தது. அங்கே குத்தினால் வலிப்பதில்லை என்று தினமும் அங்கேயே குத்தியிருக்கிறார். தடித்த இடத்தில் மருந்து ஒழுங்காக உடம்பில் சேராது. டாக்டரம்மா இடத்தை மாற்றிப் போடச் சொன்னார். நல்ல இடத்தில் பழைய அளவு தாங்காது என்பதால் யூனிட்டையும் குறைத்து எழுதினார்.

இப்போதெல்லாம் பெரியவர் வந்ததும் கேட்காமலே சட்டையைத் தூக்கிக் காட்டுகிறார். கூடவே, "செவ்வாக்கிழமை கல்யாண வீட்டுல ஊசி போடலம்மா. ஜாங்கிரி வேற ரெண்டு சாப்பிட்டுட்டேன்" என்று அதையும் சொல்லிவிடுகிறார்.