பூட்டிய அலுமாரி

அந்தப் பிள்ளைக்கு நான் "இல்லை" என்று சொல்லி நான்கு வருடமாகிறது. சாவி அப்போது என் நூலக மேசை லாச்சிக்குள்தான் இருந்தது.

உயர்தர வகுப்பு மாணவி. மார்ட்டின் லூதர் கிங் பற்றிய புத்தகத்தைத் திருப்பித் தர வந்தவள், "மிஸ், எங்கட ஊரைப் பற்றியும் இப்பிடி ஆரும் எழுதியிருக்கினமோ?" என்று கேட்டாள்.

"அப்பிடி ஒண்டும் எங்களிட்ட இல்லையம்மா."

இருந்தது. மெல்லிய மஞ்சள் அட்டைப் புத்தகம். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வகுப்பில் சமமாக இருக்கலாம் என்ற சமஆசனம் வந்த 1930ஐ ஒட்டிய காலத்தில் எரிக்கப்பட்ட பள்ளிக்கூடங்கள், ஒடுக்கப்பட்ட சாதியினரை உள்ளே விடச் சொல்லி 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டம், எல்லாம் அதில் உண்டு. அந்த அலுமாரியைப் பூட்டி வைக்கச் சொன்னது நானில்லை. பெற்றோர் யாராவது குறை சொல்லியிருப்பார்கள். சோதனைக்கும் மூன்று மாதம்தான் இருந்தது. சரி, இவையெல்லாம் உண்மைதான்.

ஆனால் அவள் வீடு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். ஒருவரும் சொல்லாமலே தெரிந்து வைத்திருந்தேன். வேறொரு பிள்ளை கேட்டிருந்தால் லாச்சியைத் திறந்திருப்பேனோ? அவள் மனம் நோகக்கூடாது என்றுதான் மறைத்தேன் என்று பல நாள் நம்பினேன். இப்போதும் அதில் பாதியை நம்புகிறேன்.

அடிமை வியாபாரம் பற்றிய நூல்களை வாங்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் நான். ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தில் நோவா சபிப்பது தன் மகன் காமை அல்ல, காமின் மகன் கானானை. தோலின் நிறத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அதைக் காமின் சாபமாக்கி, கறுப்பின மக்களை அடிமையாக்க வேதமே இடம் கொடுக்கிறது என்று நூற்றாண்டுக் கணக்கில் கிறிஸ்தவர்கள் சொன்னார்கள். ஞாயிறு பாடசாலையில் இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உயரும். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்ததையும் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியதையும் பெருமையோடு சொல்லுவேன். ஒரு ஞாயிறும் கோயிலுக்குப் போகத் தவறாத என் அப்பம்மா, கூலிக்கு வந்தவர்களுக்குச் சிரட்டையில் தேத்தண்ணி ஊற்றியதை மட்டும் சொன்னதில்லை. அந்தச் சிரட்டைகள் கொல்லைப்புற வேலியில் செருகியிருக்கும். நானும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அவள் தந்துவிட்டுப் போன புத்தகத்தைத் தட்டில் வைக்கும்போது ஒரு பக்கத்தில் பென்சில் கோடு தெரிந்தது. 1959இல் கிங் இந்தியா வந்தபோது, கேரளத்துப் பாடசாலை ஒன்றின் அதிபர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்திய இடம். முதலில் அவருக்கு அது சுட்டது. அப்புறம் தன் மக்களின் நிலையை நினைத்துப் பார்த்து, ஓம், நானும் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டார். நூலகப் புத்தகத்தில் கோடு போட்டால் நான் பேசாமல் விடுவதில்லை. அதை மட்டும் அழிக்கவில்லை.

அவள் மனம் நோகும் என்று நான் யோசித்தேனே, அந்தக் கோட்டைப் போட்ட பிறகுதான் அவள் என்னிடம் வந்திருக்கிறாள்.

அவள் பாடசாலையை விட்டுப் போன பிறகு மஞ்சள் புத்தகத்தை எடுத்துத் திறந்த தட்டில் வைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. அவளுக்கு எழுதவேண்டும் என்று இரண்டு தடவை கடதாசி எடுத்தேன். மன்னிப்புக் கேட்டால், அவளை எந்தக் கண்ணால் பார்த்தேன் என்பதையும் எழுதவேண்டி வருமே.

அந்தப் புத்தகத்தின் திகதித் தாளில் இன்னும் ஒரு முத்திரையும் விழவில்லை.