வேண்டாம் என்றால் எழுதி வைப்பீர்களா?

சிறைக்குப் புதிதாக வந்த விசாரணைக் கைதி ஒருவர், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன் என்னிடம் இப்படிக் கேட்டார். நான் உண்மையைத்தான் சொன்னேன். “எழுதுவேன். ஆனா மருத்துவப் பதிவேட்டில் மட்டும்தான். அதை வேற யாரும் பார்க்க மாட்டாங்க” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்தார். பேச்சு காதில் விழாத தூரத்தில், ஆனால் எங்கள் இருவரையும் பார்க்க முடிகிற இடத்தில் காவலர் நின்றிருந்தார். “சரி, எடுத்துக்குங்க சார்” என்று விரலை நீட்டினார். குத்தினேன்.

இதில் நடைமுறைத் தவறு எதுவும் இல்லை. கைதியாக உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் எச்.ஐ.வி. பரிசோதனை பற்றி விளக்குகிறோம். வேண்டாம் என்பவர் மறுக்கலாம், மற்றவர்களுக்கு எடுத்துவிடுகிறோம். இந்த முறையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். விரும்பிக் கேட்பவர்களுக்கு மட்டும் என்று வைத்தால் யார் வந்து கேட்பார்கள்? “இவன் ஏன் கேட்கிறான்?” என்று அன்று மாலையே செல் முழுக்கப் பேச்சாகிவிடும். எல்லோருக்கும் எடுக்கும்போது யார் மீதும் தனியாகக் கண் விழாது. வெளியே இருப்பதைவிடச் சிறைகளில் எச்.ஐ.வி. தொற்று அதிகம் என்பது உலகம் முழுக்கப் பார்த்த உண்மை. நோயைக் கண்டுபிடிக்காமல் விடுவதும் ஒரு தீங்குதான்.

ஆனால் கட்டாயப் பரிசோதனை கூடவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சம்மதம், ரகசியம், ஆலோசனை, சரியான பரிசோதனை முடிவு, சிகிச்சையோடு இணைப்பு என்ற ஐந்தும் இருந்தாக வேண்டும். சம்மதம்தான் என்னைப் படுத்துகிறது. அன்று காலையிலிருந்து அவருடைய கைரேகையை எடுத்திருந்தார்கள், புகைப்படம் எடுத்திருந்தார்கள், உடலைச் சோதித்திருந்தார்கள். எதற்கும் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. அந்த வரிசையின் கடைசியில் நான் உட்கார்ந்துகொண்டு, “இதை மட்டும் நீங்க மறுக்கலாம்” என்கிறேன். எப்படி நம்புவார்? கைதிகளின் மருத்துவப் பரிசோதனை முழு ரகசியமாக நடக்க வேண்டும் என்று 2015இல் ஐ.நா. ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் சொல்கின்றன. காவலர் நின்ற இடம் அதற்குள் அடங்குமா என்று இன்றும் எனக்குள் வாதம் நடக்கிறது.

மறுப்பை எழுதாமலே விட்டால் என்ன என்று எங்கள் டாக்டரிடம் கேட்டேன். “யார் மறுத்தாங்கன்னு தெரியலைன்னா அடுத்த மாசம் யார்கிட்ட திரும்பக் கேட்பே?” என்றார். அதுவும் நியாயம். முதல் நாள் பயத்தில் மறுத்தவர் பிறகு ஒப்புக்கொள்வதுண்டு. தவிர, சமீபத்தில் தொற்றியிருந்தால் முதல் பரிசோதனையில் அது தெரியாமலும் போகலாம். அதற்காகவும் திரும்பக் கேட்டாக வேண்டும்.

அன்று விரலை நீட்டியவருக்கு, உறுதிப்படுத்தச் செய்கிற மூன்று பரிசோதனைகளிலும் தொற்று இருப்பது தெரிந்தது. உடனே சிகிச்சை தொடங்கினோம். தினம் ஒரு மாத்திரைதான். சில மாதங்களில் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தது. அந்த நிலை நீடித்தால் உடலுறவு மூலம் அவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. “ஆள் நல்லா இருக்கான். உனக்கு இன்னும் என்னப்பா உறுத்தல்?” என்று டாக்டர் கேட்டார். டாக்டர் சொல்வது சரிதான். அன்று அந்தக் கைதி மறுத்திருந்தால், காசநோயோடு படுக்கையில் விழுந்த பிறகுதான் கண்டுபிடித்திருப்போமோ என்னவோ. இதை எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் அவர் பிறகு ஒருநாள் சொன்னார்: “மாத்திரையில ஒண்ணும் கஷ்டமில்ல சார். அந்த வரிசையில நிக்கிறதுதான்.” எந்த நேரத்து வரிசை எதற்கானது என்று உள்ளே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பதிவேட்டை யாரும் பார்க்கவில்லை, நான் சொன்னதில் பொய்யே இல்லை. அவர் பயந்தது பதிவேட்டுக்கு மட்டும்தானா என்பதுதான் கேள்வி. அதன் பிறகு ரத்த அழுத்தம், சர்க்கரை என எல்லா மாத்திரைகளையும் ஒரே வரிசையில் கொடுக்க ஏற்பாடு செய்தோம். டாக்டர் சரி என்றால், ஒரு மாத மாத்திரையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்றும் ஆக்கினோம். செல் சோதனை நாளில் அந்த டப்பா வெளியே வரும். அதற்கு இன்னும் வழி பிறக்கவில்லை.

விசாரணைக் கைதிக்கு இன்னொரு ஆபத்து உண்டு. ஜாமீன் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் உத்தரவு வந்தால் மருந்தகம் பூட்டியிருக்கும், ஆள் வெறுங்கையோடு போய்விடுவார். மாத்திரை நின்றால் சில வாரங்களிலேயே வைரஸ் மறுபடி பெருகிவிடும். அதனால் நீதிமன்றத்துக்குப் போகிற ஒவ்வொரு நாளும் மாத்திரையையும், வெளியே இருக்கும் சிகிச்சை மையத்துக்கான கடிதத்தையும் கையில் கொடுத்தே அனுப்பினோம். அப்படி ஒரு நாள் போனவர் அங்கிருந்தே விடுதலையானார்.

அவருடைய போன் நம்பர் எங்களிடம் இல்லை. முன்பே கேட்டிருந்தேன். “வேண்டாம் சார், வீட்ல எடுப்பாங்க” என்றார். நான் வற்புறுத்தவில்லை. மையத்தில் சேர்ந்தாரா என்று விசாரிக்க இப்போது வழியில்லை. கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்கலாமே என்கிறார் டாக்டர். காவலர் கண்முன்னால் கிடைத்த சம்மதத்தை ஏற்றுக்கொண்டவன், இதில் மட்டும் ஏன் அவ்வளவு தயங்கினேன் என்று எனக்கே தோன்றுகிறது. ஆனால் எனக்குத் தெரிந்து, பயமில்லாமல் அவர் என்னிடம் வேண்டாம் என்று சொன்னது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். இப்போதெல்லாம் முதல் நாளில் நம்பர் கேட்பதில்லை. மாத்திரை தொடங்கிக் கொஞ்சம் பழகிய பிறகு, நம்பகமான ஒருவருடைய எண்ணாக இருந்தாலும் போதும் என்று கேட்கிறேன். சிலர் தருகிறார்கள்.