அம்மாவைக் கடித்தது சிலந்தி இல்லை

அம்மா வீடு திரும்பி இன்றோடு ஒன்பது நாள். நேற்றுதான் முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டார். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எட்டு நாள் காய்ச்சலில் முதல் ஆறு நாளும் வீணாய்ப் போனதற்குக் காரணம், சீட்டுக்குச் சீட்டு எழுதிக்கொண்டே போன ஒரு சொல்: சிலந்திக்கடி.

எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில், ஒடுகத்தூருக்குப் பக்கம். ஓட்டு வீடு, பின்னால் மாட்டுக் கொட்டகை, அதைத் தாண்டினால் ஏரிக்கரை. கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் காலை அம்மாவுக்குக் குளிர்க்காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. குளிக்கும்போது இடுப்பில் ஒரு புண் கையில் தட்டுப்பட்டது என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறார். முந்தைய இரவுதான் குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எட்டுக்கால் பூச்சி இருந்தது. சித்தப்பா துடைப்பத்தால் அடித்தார். இந்தப் புண்ணையும் அந்தப் பூச்சியையும் சேர்த்து எல்லோரும் ஒரு முடிச்சாகப் போட்டுவிட்டார்கள். நானும்தான் நம்பினேன்.

சித்தி குப்பைமேனி இலையோடு மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்து அரைத்துப் புண்ணின்மேல் பூசினார். தினமும் காலையில் புதிதாகப் பூசினார். அன்பால் செய்தது, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பச்சைப் பூச்சு எந்த மருத்துவர் கண்ணிலும் புண் படாமல் மூடிவிட்டது. தயவுசெய்து காரணம் தெரியாத புண்ணில் எதையும் பூசாதீர்கள்.

ஊர் கிளினிக்கில் டி.டி. ஊசி, அரிப்புக்கு ஒரு மாத்திரை, கூடவே ஏதோ ஓர் ஆன்டிபயாடிக். சீட்டில் முதல்முறையாக அந்தச் சொல். இரண்டு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் வாந்தி எடுக்கத் தொடங்கியதும் காரில் வேலூருக்குக் கொண்டுவந்தோம். பதிவு செய்யும் இடத்தில் சித்தப்பா ஓர் ஊறுகாய் பாட்டிலை நீட்டினார். உள்ளே செத்த சிலந்தி, கால்களை மடக்கிக்கொண்டு, வயிற்றடியில் வெள்ளைத் தட்டுப்போல ஒன்றைப் பிடித்தபடி கிடந்தது. எழுத்தர் பாட்டிலையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. 'சிலந்திக்கடி' என்று எழுதி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அங்கே ஒன்றைச் சரியாகத்தான் செய்தார்கள். கடித்தது பாம்பாகவும் இருக்கலாமே என்று ரத்தம் எடுத்து, காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்த்தார்கள். உறைந்திருந்தது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ஏறியிருந்தால் பெரும்பாலும் உறையாது. சித்தப்பா விஷமுறிவு ஊசி போடச் சொல்லிச் சண்டைக்கே போனார். நம் நாட்டில் போடும் அந்த மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளுக்கானது, சிலந்திக்கு உதவாது. போட்டால் ஒவ்வாமை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மறுத்த மருத்துவருக்கு நன்றி.

டெங்கு இல்லை, மலேரியா இல்லை. புண்ணைப் பார்க்க வந்தபோது நடுக் கூடத்தில் திரைகூட இல்லை. அம்மா புடவையை விலக்க மறுத்தார். பூச்சின் ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிரவு பெஞ்சில் உட்கார்ந்து தம்பி செல்பேசியில் சிலந்திக்கடிப் படங்களைத் தேடினான். தோல் கறுத்து, சதை அழுகி, குழி விழுந்த படங்கள். இருவரும் விடிய விடியத் தூங்கவில்லை. பிறகுதான் படித்தேன்: அவற்றில் பெரும்பாலானவை 'பிரவுன் ரெக்லூஸ்' என்ற சிலந்தியின் பெயரில் வருபவை. முதுகில் வயலின்போல ஒரு குறி, எட்டுக் கண்ணுக்குப் பதில் ஆறு கண். அமெரிக்காவின் மத்திய, தென் மாநிலங்களில் அலமாரிக்கும் அட்டைப் பெட்டிக்கும் பின்னால் ஒளிந்து வாழ்வது. அதன் உறவுச் சிலந்தி ஒன்றும், 'கறுப்பு விதவை' இனத்தைச் சேர்ந்த சிலவும் இந்தியாவில் உண்டுதான். ஆனால் நம் வீட்டுச் சுவரில் தினமும் பார்ப்பவை அவை அல்ல.

மறுநாள் மாலை அனுப்பிவிட்டார்கள். ஆறாம் நாள் காய்ச்சல் 103. நடந்தால் மூச்சு வாங்கியது. இந்த முறை அக்கா சொன்ன வேறொரு மருத்துவமனை. அங்கே பதிவு செய்பவர், பழைய மருத்துவமனைத் தாள் இல்லாமல் சீட்டுப் போட முடியாது என்றார். தாள் ஊரில், அம்மாவின் தலையணைக்கு அடியில். அக்காவை அம்மாவோடு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அணைக்கட்டு வழியாகப் பஸ் பிடித்து ஓடினேன். போகவர நான்கு மணி நேரம். திரும்பி வந்தபோது ஓ.பி. மூடிவிட்டார்கள். அம்மா அக்காவின் மடியில் சாய்ந்து கண்ணை மூடிக்கிடந்தார். அந்தப் பக்கம் வந்த ஒரு செவிலியர் அம்மாவின் மூச்சை ஒரு நொடி பார்த்துவிட்டு எங்களைக் கடிந்துகொண்டார். “இவரை ஏன் இந்த வரிசையில் வைத்திருக்கிறீர்கள்? அவசரப் பிரிவுக்குத் தூக்குங்கள். அங்கே எந்தத் தாளும் கேட்க மாட்டார்கள்.” அந்த நான்கு மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. மூச்சு வாங்கினாலும் நினைவு தடுமாறினாலும் ஓ.பி. பக்கமே போகாதீர்கள்.

அவசரப் பிரிவில் இருந்தவர் இளம் பெண் மருத்துவர். சீட்டை வாங்கினார், 'சிலந்திக்கடி' என்பதைப் படித்தார், மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எங்களை வெளியே அனுப்பித் திரையை இழுத்தார். அக்கா மட்டும் உள்ளே. அக்குள், முழங்கால் மடிப்பு, மார்புக்கு அடியில் என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்துவிட்டு, இடுப்பில் இருந்த பூச்சை ஈரப்பஞ்சால் ஊறவைத்துத் துடைத்தெடுத்தாராம். பாவாடை நாடா அழுத்தும் இடத்தில் துவரம்பருப்பு அளவுக்குக் கறுத்த பொருக்கு, அணைந்த தீக்குச்சித் தலைபோல. சுற்றிலும் சிவப்பு வளையம்.

“வலிக்கிறதா அம்மா?”

“இல்லை.”

“பூச்சி கடித்ததைப் பார்த்தீர்களா?”

“கடித்ததை எங்கே பார்த்தேன்? புண்ணைத்தான் பார்த்தேன்.”

ஆறு நாளில் இதை யாரும் கேட்கவில்லை. நான்கூடக் கேட்கவில்லை.

அடுத்த கேள்வி: காய்ச்சலுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு புல், புதர்ப் பக்கம் போனீர்களா? அம்மா தினமும் ஏரிக்கரையில் மாட்டுக்குப் புல் அறுப்பவர். துவைத்த புடவையை வேலிமேல் காயப்போடுபவர். மருத்துவர் வெளியே வந்து சொன்னார்: ஸ்க்ரப் டைபஸ். பத்திரிகைகளில் உண்ணிக்காய்ச்சல் என்று போடுகிறார்களே, அதுதான். ஆனால் மாட்டில் தொங்கும் உண்ணி இல்லை; கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிற்றுண்ணியின் இளம்புழு. புல்லிலும் புதரிலும் எலி நடமாடும் இடத்திலும் இருக்கும். கடிப்பது வலிக்காது. 6 முதல் 21 நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். மழைக்காலமும் அதையடுத்த குளிர் மாதங்களும்தான் நம் பக்கத்தில் இதற்குக் காலம். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். பொருக்கு எல்லோருக்கும் இருக்காது. இருந்தாலும் நோயாளிக்கே தெரியாத மறைவிடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும்.

பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அன்று மாலையே டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தொடங்கினார்கள். இரண்டாம் நாள் இரவு அம்மாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. விடியற்காலையில் காபி கேட்டார். ரத்தப் பரிசோதனையும் அதையே உறுதி செய்தது. இந்த நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியே கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிடப் பலன் அதிகம் என்று 2023இல் வெளிவந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்கள் நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள். உலகம் படிக்கும் ஆய்வு நடந்த ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்துகொண்டு, நாங்கள் இந்த நோயின் பெயரையே கேட்டதில்லை.

டாக்சிசைக்ளின் மாத்திரையை வயிறு நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது. உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும். அம்மா முதல் நாள் ஒரு மடக்குத் தண்ணீரோடு படுத்துவிட்டு நெஞ்செரிச்சலில் துடித்தார். காய்ச்சல் விட்டுவிட்டது என்று பாதியில் நிறுத்தவும் கூடாது. கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து என்பதால் கடையில் நீங்களாகவே வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், சித்தப்பா எங்கள் நன்மைக்கென்று வீடு முழுக்கப் பூச்சிமருந்து அடித்து ஒட்டடையெல்லாம் அழித்திருந்தார். அந்த நெடியில் அம்மா இரண்டு நாள் இருமினார். பாட்டிலில் இருந்தது ஹன்ட்ஸ்மேன் எனப்படும் வீட்டுச் சிலந்தி. வலை பின்னாது, இரவில் கரப்பான் பூச்சியைத் துரத்திப் பிடித்துத் தின்னும். அது வயிற்றடியில் பிடித்திருந்த வெள்ளைத் தட்டு முட்டைப்பை. துடைப்பத்தால் அடித்தபோதும் அதை விடவில்லை. பாட்டிலைக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். வேலிமேல் துணி போடுவதை நிறுத்திவிட்டோம். கொட்டகை மேட்டில் ஒரு கயிறு கட்டியாயிற்று. புல் அறுத்துவிட்டு வந்தால் உடனே குளித்து உடை மாற்றுகிறார்.

நேற்று மறுபரிசோதனைக்குப் போனோம். அதே பதிவாளர். பழைய தாளை வாங்கி, அதிலிருந்து பார்த்துப் புதுச் சீட்டில் 'சிலந்திக்கடி' என்று எழுத ஆரம்பித்தார். நான் அசையவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. ஆய்வக முடிவை அவர் முன்னால் விரித்து, இதைப் பார்த்து எழுதுங்கள் ஐயா என்றேன். சற்று நேரம் படித்தார். பிறகு அந்தச் சொல்லின்மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'ஸ்க்ரப் டைபஸ்' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.