டைனமோவைக் கழட்டிப் போடாதீங்க

ஆன்லைன்ல வாங்குற யூஎஸ்பி சைக்கிள் லைட்டோட வண்டவாளம் சம்பா அறுப்புல தெரிஞ்சிடும். சார்ஜ் ஓட்டையை மூடுற ரப்பர் தொளதொளத்துப் போனா, ஐப்பசி மழைத் தண்ணி இறங்கி உள்ள களிம்பு ஏறிடும். ஒரே பட்டன்ல அஞ்சு மோடு வேற, யாரு கேட்டா? மினுக்கல்லேர்ந்து நேர் வெளிச்சத்துக்கு அமுக்கி அமுக்கி வரணும், நடுவுல ஒரு நொடி இருட்டு. திருவையாறு, பாபநாசம் பக்கம் ரோட்டுல காயுற நெல்லைச் சுத்தி வச்சிருக்க கல்லுல ஏற அந்த ஒரு நொடி போதும்.

டயர்ல உரசிச் சுத்தி கரண்ட் எடுக்குற பழைய 6 வோல்ட், 3 வாட் டைனமோவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மாட்டுறதுலதான் விஷயம் இருக்கு. அதோட அச்சுக்கோடு சக்கரத்தோட நடு அச்சைப் பார்த்து நிக்கணும். சாஞ்சா டயர் ஓரம் தேயும், மிதிக்கவும் கனக்கும். வெளிச்சம் விட்டு விட்டு வந்தா பல்பைத் திட்டாதீங்க. பெரும்பாலும் ஒத்தை ஒயர்தான் இருக்கும், கரண்ட் திரும்புற வழி ஃபிரேம் இரும்பு. கிளாம்ப் திருகு பெயின்ட் மேல உட்கார்ந்திருக்கும், அங்க சுரண்டி இரும்புல படுற மாதிரி முறுக்குங்க.

முன் பல்பு 2.4 வாட், பின் பல்பு 0.6. முன்னது போயிட்டா வேகமா மிதிக்காதீங்க, வோல்ட் எகிறி பின்னதும் போயிடும்.

மழையில டயர்ல உரசுற டைனமோ உருளை வழுக்கும், ரப்பர் தொப்பி மாட்டினா கொஞ்சம் பிடிக்கும். வண்டி நின்னா லைட்டும் நின்னுடும், அது டைனமோவோட குறைதான். அதுக்காக, பின்பக்க மட்கார்டுல சிவப்பு ரிஃப்ளெக்டர் மாட்டுங்க, பெடல் ரெண்டுலயும் மஞ்சள். பெடல்ல ஏறி இறங்குற ஒளியைப் பார்த்தா சைக்கிள்னு லாரிக்காரருக்குத் தூரத்துலயே புரியும்.